அபியா வரும் வாக்கியங்கள்

அருள்தாஸ் படித்தவன். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இந்தக் கதையில் நடந்த அநியாயம் படிக்காத ஒருவனுக்கு நடந்திருக்காது. பலாங்கொடைக்கு மேலே, பஸ் திரும்பிப் போகிற கடைசித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் ஆறாவது காம்பராவில் பிறந்தவன். இன்று டவுன் பள்ளிக்கூடத்தில் ஆங்கில ஆசிரியர். அது போதாதென்று பல்கலைக்கழகத்தில் மொழியியல் ஆராய்ச்சிக்கும் பதிந்துகொண்டான். தோட்டமே அவனை மாஸ்டர் என்று கூப்பிடும். அம்மா செபஸ்தியம்மா மட்டும் டேய் என்பாள்.

ஆராய்ச்சி செய்ததும் பக்கத்து வீட்டுப் பாஷையையா? இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில், கானா நாட்டில் பேசுகிற ட்வி என்ற மொழி. "தேயில மலையில இருந்துக்கிட்டு கானாவா மாஸ்டர்?" என்று கேட்காத ஆள் கிடையாது. எல்லாவற்றுக்கும் காரணம் அவனுடைய அக்கா ஜொய்சி.

ஜொய்சி லெபனானுக்கு வீட்டு வேலைக்குப் போனவள். தம்பியின் படிப்பு பாதியில் நிற்கக்கூடாது என்றுதான் போனாள். அதே வீட்டில் அகோசுவா என்று ஒரு கானா நாட்டுப் பெண்ணும் வேலைக்கு இருந்தாள். ஒரே குசினி, ஒரே அறை. ஒருத்தி தமிழ், ஒருத்தி ட்வி, நடுவில் இருவரும் கொஞ்சம் கொஞ்சமாகப் பொறுக்கிய அரபு. ஆராய்ச்சிக்கு மொழி தேடித் தம்பி அலைகிறான் என்று தெரிந்ததும், ஜொய்சி அகோசுவாவின் தோளைப் பிடித்து போன் திரைக்கு முன்னால் இழுத்து நிறுத்தினாள்.

"தம்பி, ஒனக்குப் புதுசா ஒரு பாஷ வேணுமாமே? இந்தா, முழு ஆளாவே புடிச்சுக்க!"

மூவரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அருள்தாஸ் பீலிக்கரைக்குப் போய்விடுவான். லயத்துக்குத் தண்ணீர் விழுகிற அந்த இடத்தில்தான் சிக்னல் கிடைக்கும். அக்காவிடம் நாலு வார்த்தை, அகோசுவாவிடம் ஒரு மணித்தியாலம். அந்தக் கணக்கை நினைத்தால் இப்போது அவனுக்கே வெட்கமாக இருக்கிறது.

அவன் தேடிய விஷயம் இதுதான். தமிழில் 'நான் பார்த்த பெண்' என்போம். பெண் முன்னால் வந்துவிட்டாள், அவள் இருந்த இடம் வெறுமையாகக் கிடக்கிறது. நமக்கு அது ஒரு குறையாகத் தெரியாது. ட்வி மொழியில் அப்படி விட்டுவிட மாட்டார்கள். 'நான் அவளைப் பார்த்த பெண்' என்கிற மாதிரி, எழுந்துபோன ஆளின் இடத்தில் ஓர் 'அவளை' உட்கார்ந்துகொள்ளும். மீள்பிரதிப்பெயர் என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். அதிலும் ஒரு பாகுபாடு உண்டு. மனிதருக்கும் மிருகத்துக்கும் இடம் பிடித்து வைக்கிற அந்த மொழி, கோப்பைக்கும் சாவிக்கும் பெரும்பாலும் வைப்பதில்லை. உடைத்த கோப்பை போனால் போனதுதான். இதைப் பற்றி அருள்தாஸ் தொண்ணூறு பக்கம் எழுதினான்.

நடுவில் ஜொய்சி செத்துப்போனாள்.

முப்பத்து மூன்று வயது. மாரடைப்பு என்று கடுதாசி வந்தது. பிறகு பெட்டி வந்தது. கூட வந்த ஏஜென்சிக்காரன் "அரின்ன எப்பா" என்று சிங்களத்தில் இரண்டு தரம் சொன்னான். திறக்கவேண்டாமாம். சீல் வைத்த பெட்டியைத் தோட்டத்து மாதா கோயிலில் அரை மணித்தியாலம் வைத்து, அப்படியே கொண்டுபோய்ப் புதைத்தார்கள். செபஸ்தியம்மா பெட்டியின் பலகையைத் தடவித் தடவிப் பார்த்தாள். தலை எந்தப் பக்கம் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரே கேள்விதான். விடிந்தால் அது, பொழுது சாய்ந்தால் அது.

"எம்புள்ள எப்பிடிடா போனா? நெஞ்சு வலின்னா எங்கிட்ட ஒரு நாளு சொல்லியிருப்பாளே. அந்தக் கானாப் புள்ளகிட்டக் கேளேன்டா. அதுக்குத் தெரியாம இருக்குமா?"

கேட்காமலில்லை. மூன்று மாதம் கழித்து அகோசுவாவோடு மறுபடி பேசத் தொடங்கிய அன்றைக்கே கேட்டான். அவர்கள் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். "என் அக்காவுக்கு என்ன நடந்தது?" என்றான். பின்னால் தட்டு கழுவுகிற சத்தம் நின்றது. "ஹார்ட். மேடம் ஹார்ட் என்று சொல்கிறாள்" என்றாள் அகோசுவா, பாடம் ஒப்பிக்கிற குரலில். பிறகு ஒரே மூச்சில், "இன்றைக்கு வாக்கியம் வேண்டாமா? ட்வி வாக்கியம்? நானே செய்து தருகிறேன்" என்றாள்.

கல் நெஞ்சுக்காரி என்று அவனுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் வாக்கியம் வேண்டித்தான் இருந்தது. சரி, யாராவது ஓர் ஆளைப் பற்றி உன் இஷ்டத்துக்குச் சொல், பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை என்றான்.

"உண்மையாக இருந்தால்?" என்று கேட்டாள்.

அவன் சிரித்தான். "உண்மையோ பொய்யோ, இலக்கணத்துக்கு இரண்டும் ஒன்றுதான்."

பெயர்களை அவன்தான் கொடுத்திருந்தான். ஆணுக்குக் கோஃபி, பெண்ணுக்கு அமா. உதாரணம் சொல்ல வசதியான பெயர்கள். அமாவுக்குப் பதிலாக அபியா என்று போடட்டுமா என்று அகோசுவா கேட்டாள். எதையாவது போடு என்றான். அன்றிலிருந்து வாரம் பத்து, பதினைந்து வாக்கியம். அவள் சொல்லச் சொல்ல ரெக்கோர்ட் செய்தான். வாக்கியம் வாக்கியமாகக் கத்தரித்து, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டு, சரி என்றால் சரி, சந்தேகம் என்றால் முன்னால் ஒரு கேள்விக்குறி. முன்னேயும் பின்னேயும் அவள் விட்ட மூச்சு, இருமல், அறைக்கு வெளியே யாரோ அரபியில் கத்தியது, எல்லாம் குப்பைக்கு. இப்படியே இருநூற்றுப் பன்னிரண்டு வாக்கியம் சேர்ந்தது. போதுமென்று அகோசுவாவுக்கு நன்றி சொல்லி நிறுத்திக்கொண்டான்.

அம்மாவிடம் என்ன சொன்னான் என்று கேட்கிறீர்களா? "கேட்டேம்மா, அதுக்கு ஒண்ணும் தெரியாதாம்." அதைத்தான் சொன்னான். ஒரு தரமில்லை, இருபது தரம்.

புதன்கிழமை ஆய்வைக் கையளிக்க வேண்டும். அதற்கு முந்திய சனிக்கிழமை பின்னேரம், கடைசிச் சரிபார்ப்புக்காகக் காம்பராவுக்குள் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியமாக ஒலிக்க விட்டான். வெளியே மழை. செபஸ்தியம்மா அடுப்படியில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அகோசுவாவின் குரல் காம்பரா முழுக்க நிறைந்தது. ஐந்தாறு வாக்கியம் போயிருக்கும், அம்மாவின் கை சுளகிலேயே நின்றது.

"டேய். அது என்னா அக்காவப் பத்திப் பேசுது?"

"அக்காவப் பத்தி இல்லம்மா. அது சும்மா வாக்கியம்."

"அபியா அபியாங்குதே!"

"அது பேரும்மா. நம்ம புத்தகத்துல கண்ணன் வந்தான், வள்ளி போனாள்னு வரும்ல? அது மாதிரி."

செபஸ்தியம்மா சுளகைக் கீழே வைத்தாள்.

"வள்ளியுமில்ல, கிள்ளியுமில்ல. அந்த வூட்டுல ஒங்கக்காவுக்கு அதான்டா பேரு. எந்தக் கெழமையில பொறந்தன்னு அந்தப் புள்ள கேட்டுருக்கு. பெரிய வெள்ளியன்னிக்கி, கோயில்ல சிலுவப் பாத நடக்கையிலதான் எனக்கு வலி எடுத்துச்சு, அத அவ சொல்லியிருக்கா. அவுங்க ஊருல வெள்ளிக்கெழம பொறந்த பொம்பளப் புள்ளைக்கு அபியான்னுதான் பேராம். இது ஞாயித்துக்கெழம பொறந்துச்சாம், அதான் அகோசுவா. போன்ல பேசுறப்ப எத்தன தரம் கேட்டுருக்கேன், பின்னால இருந்து 'அபியா, அபியா'ன்னு கூப்புடும். ஒனக்குத் தெரியாதா?"

தெரியும். கிழமைப் பெயர்களைப் பற்றி ஆய்வில் அவன் ஓர் அடிக்குறிப்பே எழுதியிருந்தான். ஏழு கிழமைக்கும் ஆண் பெயர், பெண் பெயர், எல்லாம் அட்டவணை போட்டு. வெள்ளிக்கிழமை, பெண்: அபியா. அக்கா எந்தக் கிழமையில் பிறந்தாள் என்பதுதான் அவனுக்குத் தெரியாது. கேட்டதில்லை.

மடிக்கணினியை இழுத்தான். 'அபியா' என்று எழுதித் தேடினான். இருநூற்றுப் பன்னிரண்டில் முப்பத்தொரு வாக்கியம் வந்தது. ஆய்வில் அவை அங்கொன்றும் இங்கொன்றுமாக, எந்த விதிக்கு எது பொருந்துமோ அங்கே கிடந்தன. அவற்றைத் தேதிப்படி வரிசையாக அடுக்கினான். அவன் முதன்முறையாக அப்படிப் படித்தான். இத்தனை மாதமும் ஒவ்வொரு வாக்கியத்துக்குள்ளும் நுழைந்து அந்த 'அவளை'யை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு வெளியே வந்தவன்.

"என்னாடா எழுதியிருக்கு?"

"அம்மா, இருங்க."

"வாசி."

"கொஞ்சம் இருங்கம்மா."

"வாசிடா!"

வாசித்தான். ட்வியை உள்ளே படித்து, தமிழில் வெளியே சொன்னான். வாய் தமிழில் சொன்னாலும், அந்த மொழி வைத்த 'அவளை'யை எடுத்துவிட அவனுக்கு மனம் வரவில்லை. அப்படியே வைத்து வாசித்தான்.

நாற்பத்தேழு. மேடம் அவளை அறைக்குள் வைத்துப் பூட்டிய அபியாவுக்குக் காய்ச்சல்.

ஐம்பத்திரண்டு. ஊருக்கு அனுப்பச் சொல்லி அபியா அவளிடம் கேட்ட மேடம், கடவுச்சீட்டைக் கிழித்தாள்.

அறுபத்தெட்டு. நான் தேடிய சாவி மேடத்தின் கழுத்தில் கிடந்தது. இதன் பக்கத்தில் அவன் எழுதியிருந்தான்: சாவி, உயிரற்றது, பிரதிப்பெயர் இல்லை, எதிர்பார்த்தபடியே. இதில் அபியா என்ற பெயர் இல்லை. ஆனால் அதே நாள், அதே குரல். பெயர் இல்லாத வாக்கியங்களையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

எழுபத்தொன்று. கதவுக்கு அடியால் நான் அவளுக்குத் தண்ணீர் கொடுத்த அபியா, நாலாம் நாள் குடிக்கவில்லை.

தொண்ணூறு. டாக்டர் அவளைப் பார்க்காத அபியா, சுவரில் தட்டிக்கொண்டிருந்தாள்.

தொண்ணூற்று நான்கு. நான் திருப்பித் தட்டிய சுவர் குளிராக இருந்தது.

செபஸ்தியம்மா அழவில்லை. அழுவாள் என்று அவன் பயந்துகொண்டே ஒவ்வொன்றையும் வாசித்தான். அவள் இரண்டு கையையும் மடியில் கோத்துக்கொண்டு, கோயிலில் வாசகம் கேட்கிற மாதிரி, அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசித்தவனுக்குத்தான் நூற்றுப் பத்துக்கு வந்ததும் குரல் உடைந்தது.

"நூத்திப் பத்து... அபியா அவளைக் கூப்பிட்டுக்கொண்டேயிருந்த அம்மா, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள்."

 செபஸ்தியம்மா மெல்லக் கேட்டாள்.

"என்னயக் கூப்புட்டாளாமா?"

"ஆமாம்மா."

"எனக்கு ஒண்ணும் கேக்கலியேடா" என்றாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். தாங்க முடியாத துக்கம் அது. இத்தனை மாதமாக உள்ளே கிடந்த கல் புரண்டது, அவ்வளவுதான். இலேசாகவில்லை.

அருள்தாஸ் அவள் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் கேட்டாள்:

"இத ஏன் அந்தப் புள்ள நேராச் சொல்லல?"

"அந்த வூட்டுல போன் பேசுறப்ப மேடம் பக்கத்துல நிப்பாம்மா. அவளுக்கு இங்கிலிசும் அரபியும் வெளங்கும். ட்வி ஒண்ணுதான் வெளங்காது. அது தெரிஞ்ச ஆளு..."

"நீதான்."

"நாந்தான்."

செபஸ்தியம்மா அவன் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள்.

"அது இதெல்லாஞ் சொல்லையில, நீ என்னாடா சொன்ன?"

 கத்தரித்த துண்டுகளில் அவன் குரல் இல்லை. ஆனால் கத்தரிக்காத முழு ரெக்கோர்டிங் எல்லாம் இன்னொரு இடத்தில் இருந்தது. பொய் சொல்லியிருக்கலாம். அம்மாவிடம் இதுவரை இருபது பொய் சொன்னவனுக்கு இருபத்தொன்றாவது ஒரு பாரமா? ஏனோ அன்றைக்கு அவனால் முடியவில்லை. மடிக்கணினியில் அந்த நாளைத் தேடி, நூற்றுப் பத்தாவது வாக்கியம் வந்த இடத்தை ஒலிக்க விட்டான்.

அகோசுவாவின் குரல் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, வாக்கியத்தைச் சொல்லி முடித்தது. உடனே அவனுடைய குரல், உற்சாகமாக:

"வெரி குட்! வெரி குட்! அடுத்தது?"

வெரி குட் என்றால் என்னவென்று செபஸ்தியம்மாவுக்குத் தெரியும். பிள்ளைகளின் கொப்பிகளில் சிவப்பு மையால் எழுதியிருப்பதை எத்தனை வருஷம் பார்த்தவள்! அவள் மடிக்கணினியிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் தேவலை.

இன்னும் ஒன்று இருந்தது. அதையும் அவன் மறைக்கவில்லை. நூற்று நாற்பதாவது வாக்கியம் அகோசுவா சொன்னதில்லை, அவன் கேட்டது. இறந்துபோனவர்களுக்கும் அந்தப் பிரதிப்பெயர் வருமா என்று சோதித்துப் பார்க்கும்படி பேராசிரியர் எழுதியிருந்தார். நல்ல கேள்விதான். 'நாங்கள் அவளைப் புதைத்த அபியா' என்று சொல்ல முடியுமா என்று அகோசுவாவிடம் கேட்டான். வாயில் வந்த பெயர் அபியா. பதினொரு விநாடி அவள் பேசவில்லை. பிறகு, "சொல்லலாம். அவள் அங்கேதான் இருக்கிறாள்" என்றாள். பேச்சாளர் தயங்குகிறார் என்று குறித்து அந்த வாக்கியத்துக்கு முன்னால் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான். இப்போது அந்தப் பதினொரு விநாடியையும் இருவரும் கேட்டார்கள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

"பாவம், அழுவுதுடா" என்றாள் செபஸ்தியம்மா. "இது இன்னும் அந்த வூட்டுலயா இருக்கு?"

 அக்காவின் சாவுக்குள் விழுந்து கிடந்தவனுக்கு அந்த நினைப்பே வரவில்லை.

"ஆமாம்மா."

"கடசியா எப்பப் பேசுன?"

"ஆறு வாரமாச்சு."

"என்னா சொல்லிச்சு?"

அதையும் தேடிப் போட்டான். கடைசி நாள். இருநூற்றுப் பன்னிரண்டாவது வாக்கியம்: மேடம் வாங்கிய புதுப் பூட்டு பெரியது. அவன் 'வெரி குட்' என்றான். இதோடு முடிந்தது, உன் உதவியை மறக்கமாட்டேன் என்று ஆங்கிலத்தில் நீட்டி முழக்கினான். அகோசுவா குறுக்கே ஏதோ கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே பதில் சொன்னான். அவ்வளவுதான், ரெக்கோர்டிங் நின்றது.

"இப்ப அது என்னா கேட்டுச்சு?"

"இன்னும் ஒரு வாக்கியம் இருக்குன்னிச்சும்மா."

"நீ என்னா சொன்ன?"

அருள்தாஸ் தலையைக் குனிந்துகொண்டான். "போதும்னேன். தேவைக்கு மேலயே இருக்குன்னேன்."

செபஸ்தியம்மா எழுந்தாள். கொடியில் கிடந்த பழைய கம்பளியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "வா" என்றாள். மழையோடு மழையாக இருவரும் பீலிக்கரைக்குப் போனார்கள். தண்ணீர் எடுக்க வந்திருந்த ஒருத்தி, "என்னா மாஸ்டர், நனஞ்சுக்கிட்டு?" என்று கேட்டுவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகிப் போனாள். அவன் இலக்கத்தை அழுத்தினான். மணி அடிக்கவில்லை. பதிவு செய்து வைத்த ஒரு பெண்ணின் குரல் அரபியில் ஏதோ சொல்லிவிட்டு நின்றது. மறுபடி அழுத்தினான். அதே குரல். ட்வியில் ஒரு செய்தி எழுதி அனுப்பினான்: எனக்கு இப்போதுதான் விளங்கியது, இன்னொரு வாக்கியம் சொல். ஒற்றைச் சரி அடையாளத்தோடு அது அப்படியே நின்றது. போய்ச் சேரவில்லை.

ஐந்தாவது தரமும் அந்த அரபுக் குரல்தான். அருள்தாஸ் போனைக் காதிலிருந்து எடுத்தான்.

"அது என்ன வாக்கியமா இருக்கும்னு தெரியலியேம்மா" என்றான். சின்னப் பிள்ளை மாதிரிச் சொன்னான்.

செபஸ்தியம்மாவுக்கு இலக்கணம் தெரியாது. கையெழுத்து வைக்கவே ஜொய்சிதான் சொல்லிக் கொடுத்தாள்.

"தெரியாம என்னா?" என்றாள். "வெள்ளிக்கெழம பொறந்தவ கதைய அது சொல்லி முடிச்சிருச்சு. ஞாயித்துக்கெழம பொறந்தவ கதையச் சொல்ல வந்துருக்கு. அதுக்குத்தான்டா நீ போதும்ன."

கம்பளியின் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவள் அவன் கையிலிருந்த போனைக் காட்டினாள்.

"அடி" என்றாள்.

அருள்தாஸ் மறுபடியும் இலக்கத்தை அழுத்தினான்.